சமயபாடம் வேறு, மறைக்கல்வி வேறு: மலையகக் கத்தோலிக்கப் பெற்றோருக்கு ஓர் எளிய விளக்கம்

தரம் ஒன்றுக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது நிரப்பும் விண்ணப்பத்தில் சமயத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதில் கத்தோலிக்கம் என்று எழுதிக் கொடுத்ததோடு பிள்ளையின் சமயக் கல்வியைப் பாடசாலை பொறுப்பேற்றுவிட்டது என்று நினைக்கும் பெற்றோர் நம் தோட்டங்களில் நிறையப் பேர். ஞாயிறு பூசை முடிந்ததும், ஆலயத்தில் மறைக்கல்வி வகுப்பு நடத்தும் மறையாசிரியர் பக்கத்தில் வந்து, "பிள்ளையை ஏன் வகுப்புக்கு அனுப்புறதில்லை?" என்று விசாரித்தால், "பள்ளிக்கூடத்துலயே சமயம் படிக்கிறான்தானே டீச்சர், ஞாயித்துக்கெழமையும் எதுக்கு?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். வாரம் முழுக்க மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்த தாய்க்குத் துணி துவைக்கவும் விறகு சேர்க்கவும் கடைக்குப் போகவும் ஞாயிறு ஒன்றுதான் கிடைக்கிறது. அன்றைக்கும் பிள்ளையைக் குளிக்க வார்த்து, வெளிக்கிடுத்தி, இரண்டு கட்டை (மைல்) தூரம் நடத்திக் கூட்டிப் போகச் சொல்கிறோம் என்றால் அதற்குச் சரியான காரணம் சொல்ல வேண்டும். பாடசாலையில் நடப்பது ஒரு வேலை, ஞாயிறு வகுப்பில் நடப்பது வேறொரு வேலை, வீட்டில் நடப்பது மூன்றாவது வேலை. ஒன்றைச் செய்துவிட்டால் மற்றது முடிந்துவிடாது. அதுதான் காரணம்.

முதலில் பாடசாலை. இலங்கையில் தரம் ஒன்றிலிருந்து சாதாரண தரப் பரீட்சை வரை சமயம் கட்டாய பாடம். சாதாரண தரத்தில் எல்லாரும் எடுத்தே ஆக வேண்டிய ஆறு பாடங்களில் அதுவும் ஒன்று. எந்தச் சமயம் என்றால், பெற்றோரின் சமயம். பக்கத்து மேசையில் இருக்கும் பிள்ளை சைவநெறி படிக்க, உங்கள் பிள்ளை கத்தோலிக்கம் படிக்கும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: பாடத்திட்டத்தில் கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் இரண்டு தனித்தனிப் பாடங்கள். இரண்டுக்கும் வேறு வேறு புத்தகம், வேறு வினாத்தாள். விண்ணப்பத்தில் அவசரத்தில் 'கிறிஸ்தவம்' என்று எழுதிவிட்டுப் பிறகு சிரமப்படுகிறவர்கள் உண்டு. திருமுழுக்குச் சான்றிதழைப் பார்த்து எழுதினால் பிழை வராது.

ஆரம்பப் பிரிவுச் சமயபாடம் நல்ல பாடம். படைப்பின் கதை, ஆபிரகாம், மோசே, இயேசுவின் பிறப்பு, அவர் சொன்ன உவமைகள், அன்னை மரியாள், புனிதர்கள், திருவிழாக்கள், உண்மை பேசுவது, பகிர்ந்து உண்பது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிய வேண்டியது அதில் நிறையவே இருக்கிறது. ஆனாலும் அது பாடம். அதற்கு ஒரு புத்தகம், ஒரு வேளை, ஒரு பரீட்சை, ஒரு புள்ளி. பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். நம்பிக்கையே இல்லாத ஒரு பிள்ளையும் நன்றாகப் படித்தால் கத்தோலிக்கத்தில் ஏ எடுக்கலாம். அதில் தப்பொன்றும் இல்லை. பாடம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மறைக்கல்வி வேறு. ஒரு பிள்ளையைக் கிறிஸ்துவை அறிந்து, அவரோடு பேசி, அவர் சொன்னபடி வாழப் பழகும் ஆளாக வளர்ப்பது அது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று துணை, ஆனால் ஒன்றல்ல என்று வத்திக்கானின் கத்தோலிக்கக் கல்விப் பேராயம் 1988 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆவணம் தெளிவாகவே பிரித்துச் சொல்கிறது. 1992 இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலைப் பார்த்தால் நான்கு பகுதிகள் இருக்கும்: எதை நம்புகிறோம், திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருட்சாதனங்களில் எதைக் கொண்டாடுகிறோம், எப்படி வாழ்கிறோம், எப்படிச் செபிக்கிறோம். முதல் பகுதியைப் பாடசாலைப் புத்தகம் ஓரளவு தொடுகிறது. மற்ற மூன்றையும் புத்தகம் விவரிக்கலாமே தவிர, செய்து காட்ட முடியாது. ஒரு பிள்ளையைப் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, தயார் செய்வது பாடசாலையின் வேலையும் அல்ல.

சக்கேயுவின் கதையை எடுத்துக்கொள்வோம். எரிகோ பட்டணத்து வரிதண்டுவோர் தலைவர், குள்ளமானவர், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியவர். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கதை. கொய்யா மரத்தில் ஏறி இறங்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். சமயபாட வினாத்தாளில் கேள்வி இப்படி வரும்: சக்கேயு ஏறிய மரம் எது? காட்டு அத்திமரம் என்று எழுதினால் முழுப் புள்ளி. அதே கதை ஞாயிறு வகுப்புக்கு வரும்போது கேள்வி மாறுகிறது. ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன் என்று சக்கேயு ஏன் சொன்னார்? இயேசு அவரைத் திட்டவில்லையே, திருப்பிக் கொடு என்று கேட்கவும் இல்லையே.

அப்போதுதான் ஒரு பையன் மெதுவாகச் சொல்கிறான்: கடைக்கு அனுப்பினபோது மிச்சம் வந்த இருபது ரூபாவை அம்மாவிடம் கொடுக்காமல் டொபி வாங்கிவிட்டேன். சரி, இப்போது என்ன செய்யலாம்? பாவசங்கீர்த்தனத்தில் சாமியிடம் சொல்ல வேண்டும் என்கிறான். சொல்லலாம், அதற்கு முன்னால்? வகுப்பே யோசிக்கிறது. அம்மாவிடம் சொல்லணும், என்கிறது பின்வாங்கில் ஒரு குரல். அம்மா அடிச்சா? அந்த இடத்தில் மறையாசிரியர் அவசரப்படக் கூடாது. பயம், வெட்கம், மன்னிப்பு, திருப்பிக் கொடுத்தல் ஆகிய நான்கும் அந்த இருபது ரூபாவுக்குள் இருக்கின்றன. 'களவு செய்யாதே' என்பது ஏழாம் கட்டளை என்று பரீட்சையில் எழுதுவதற்கும், அம்மா முன்னால் போய் நின்று சொல்வதற்கும் இடையில் உள்ள தூரத்தைப் பிள்ளை கடக்கக் கைகொடுப்பதுதான் மறைக்கல்வி.

இதை யார் செய்வது? நம் பங்குகளில் பெரும்பாலும் குருக்களோ துறவிகளோ அல்லாத பொதுநிலையினர்தான். பாடசாலை ஆசிரியை ஒருவர், உயர்தரம் முடித்த ஒரு தங்கச்சி, கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா, சில இடங்களில் கன்னியாஸ்திரிகள். ஒரு பங்குத்தந்தைக்குப் பல தோட்டங்கள் பொறுப்பாக இருக்கும். எல்லாச் சிற்றாலயங்களுக்கும் வாராவாரம் போக அவரால் முடியாது. 'சாமியே வந்து படிப்பிக்கவில்லை, இவர்களுக்கு என்ன தெரியும்' என்று சிலர் நினைப்பதுண்டு. அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். மலைநாட்டில் கத்தோலிக்க விசுவாசம் நிலைத்ததே இப்படிப்பட்டவர்களால்தான். கோவாவிலிருந்து வந்த புனித யோசேப் வாஸ், ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் தமிழ் படித்து, 1692 இல் கண்டிக்கு வந்து, ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டவர். குருக்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்குக்கூட இல்லாத அந்த நாட்களில் ஊர் ஊராகச் செபம் நடத்தவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் அண்ணாவிமார், மூப்பர் என்ற பொதுநிலையினரைத்தான் அவர் ஏற்படுத்திவிட்டுப் போனார். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவி மக்கள் நோயாளிகளை விட்டு ஓடியபோது, சமயம் பாராமல் அவர்களைப் பார்த்துக்கொண்டார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் இறந்தது கண்டியில், 1711 ஜனவரி 16 அன்று. அதுவே அவருடைய திருநாள். வெளிநாட்டுப் புனிதர்களின் கதைக்கு முன்னால் இந்த மண்ணில் நடந்த இந்தக் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

முதல்நன்மை

பெற்றோர் ஞாயிறு வகுப்பைப் பற்றி உண்மையிலேயே அக்கறைப்படும் ஒரு வருடம் உண்டென்றால் அது பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல்நன்மை வருடம். வெள்ளைச் சட்டை, மெழுகுவர்த்தி, போட்டோ, உறவினருக்குச் சாப்பாடு என்று வீடு முழுக்கத் தடபுடலாக இருக்கும். அந்தச் சந்தோஷம் பிள்ளைக்கு வேண்டும். ஆனால் கடன் வாங்கிச் செய்யும் அளவுக்குப் போவதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. திருச்சபை வெள்ளை உடுப்பைக்கூடச் சட்டமாக வைக்கவில்லை.

சட்டமாக வைத்திருப்பது வேறு. 1910 க்கு முன்பு பல நாடுகளில் பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு, சில இடங்களில் பதினான்கு வயது வரை காத்திருந்தார்கள். அந்த வருடம் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் அதை மாற்றினார். நல்லது கெட்டது பிரித்தறியும் வயது, ஏறக்குறைய ஏழு வயது, வந்துவிட்டால் போதும்; நற்கருணை சாதாரண அப்பம் இல்லை என்பது பிள்ளைக்கு விளங்கினால் போதும் என்றார். பெரிய இறையியல் தெரிய வேண்டியதில்லை. நம் பங்குகளில் பொதுவாக எட்டு, ஒன்பது வயதில் கொடுக்கிறார்கள். அதற்கு முன் முதல் பாவசங்கீர்த்தனம். நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணித்தியாலம் தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் சாப்பிடக் கூடாது. இதைப் பிள்ளைக்கு மட்டுமல்ல, அன்று காலையில் ஆசையாக ரொட்டி ஊட்டிவிடும் பாட்டிக்கும் சொல்லி வையுங்கள்.

தயாரிப்பு வகுப்பில் அர்ச்சிக்கப்படாத அப்பத்தைக் கொடுத்து எப்படி வாங்குவது என்று பழக்குவார்கள். பிள்ளை அதை முதன்முதலாக வாயில் வைத்ததும் முகம் மாறும். ருசியே இல்லையே டீச்சர் என்று கேட்கும். நல்ல மறையாசிரியர் அந்த இடத்தில் நின்று பேசுவார்: ஆமாம், ருசிக்காக வாங்குவதில்லை, அன்றைக்கு இது யாராக இருக்கும்? ஒவ்வொரு பிள்ளையும் தன் வாயால் பதில் சொல்லும் வரை அடுத்த விஷயத்துக்குப் போகக் கூடாது. மனப்பாடமாக வந்த பதிலையும் உள்ளிருந்து வந்த பதிலையும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு மறையாசிரியருக்கு அதிக நேரம் தேவைப்படாது.

முதல்நன்மை முடிந்த அடுத்த மாதமே வகுப்பு பாதியாகக் குறைந்துவிடுகிறது. அப்புறம் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வந்து மிச்சப் பாதியையும் டியூஷனுக்குக் கூட்டிப் போய்விடுகிறது. நம் பிள்ளைகளுக்குப் படிப்பைத் தவிர வேறு ஏணி இல்லை என்பதை நானும் அறிவேன். புலமைப்பரிசிலைச் சின்னதாகப் பேச மாட்டேன். ஆனால் ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலத்தில்தான் அந்தப் பரீட்சை தங்கியிருக்கிறது என்பதை ஏற்க முடியாது. டியூஷன் ஆசிரியரிடம் பேசி நேரத்தை மாற்றிய பெற்றோரும் இருக்கிறார்கள்.

புனிதரின் பெயர் உள்ள பாடசாலை

கத்தோலிக்கப் பாடசாலை என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லும் பல பாடசாலைகள் இன்று அரசாங்கப் பாடசாலைகள். 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 இன் 8 ஆம் இலக்கச் சட்டமும் அரச உதவி பெற்ற பாடசாலைகளை அரசின் கையில் கொண்டுவந்தன. கொடுக்க மாட்டோம் என்று பெற்றோர் பாடசாலைகளுக்குள் போய் உட்கார்ந்த காலம் அது. மிகச் சில பாடசாலைகள் அரச நிதியை விட்டுவிட்டுத் தனித்து நின்றன. அதன் விளைவு மறைக்கல்விக்கும் வந்தது. முன்பு வகுப்பிலேயே சிஸ்டரோ பிரதரோ செய்துகொண்டிருந்த வேலை, பங்கின் தோளில், ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. அப்பா காலத்தில் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே நடந்ததாமே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பெயர்ப்பலகையில் புனிதர் இருந்தாலும் உள்ளே பெரும்பான்மை இந்துப் பிள்ளைகள். அதிபரும் வேறு சமயத்தவராக இருக்கலாம். காலைக்கூட்டத்தில் தேவாரம் பாடப்படும். கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் முறைக்குச் செபம் சொல்வார்கள். நவராத்திரிக்கு வாணி விழா, டிசம்பரில் கிறிஸ்மஸ் ஒளிவிழா. இதைக் கண்டு சில பெற்றோர் பயப்படுகிறார்கள், என் பிள்ளை குழம்பிவிடுமோ என்று.

குழம்ப வேண்டியதில்லை. உலகத்துக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையையும் பிற சமயங்களோடு உள்ள உறவு பற்றிய அறிக்கையையும் ஒரே நாளில், 1965 ஒக்டோபர் 28 அன்று வெளியிட்டது. பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையும் ஆன எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்பது அந்த இரண்டாவது அறிக்கையின் வார்த்தை. மலையகப் பாடசாலை ஒன்றின் காலைக்கூட்டத்தை நினைத்து எழுதியது போலவே இருக்கிறது. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது எளிது: தேவாரம் பாடும்போது நேராக நின்று மரியாதையாகக் கேள், பேசாதே, சிரிக்காதே, வாணி விழாவுக்குத் தோரணம் கட்ட உதவி செய், நடனம் ஆடு, அவல் கடலை சாப்பிடு, வழிபாடு என்று வரும்போது அது உன் நண்பர்களுடைய செபம், நீ அமைதியாக இரு, உன் செபத்தை உன் முறையில் சொல். பாலன் குடில் கட்ட இந்துப் பிள்ளைகள் வைக்கோலும் மாணாப் புல்லும் கொண்டு வருகிறார்களே, அந்தோனியார் கோவிலில் செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் எத்தனை பேர் நெற்றியில் திருநீற்றோடு வருகிறார்கள். இந்த ஒற்றுமை நமக்குக் கிடைத்த கொடை.

மற்றச் சமயப் பிள்ளைகளுக்கு நாம் மறைக்கல்வி நடத்துவதில்லை. நம்பிக்கைக்கு யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். கதை கேட்க ஆசைப்பட்டு ஞாயிறு வகுப்பு வாசலில் வந்து நிற்கும் அயல்வீட்டுப் பிள்ளையைத் துரத்த வேண்டாம். அதன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார வையுங்கள்.

வீடு

இனி மூன்றாவது வேலை, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. பிள்ளைக்கு விசுவாசத்தைக் கற்பிக்கும் கடமை மற்ற எல்லாரையும் விடப் பெற்றோருக்கே முதலில் என்று திருச்சபைச் சட்டத்தின் 774 ஆவது பிரிவு சொல்கிறது. குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அழைத்தது. வீட்டில் பேசப் பழகிய பிள்ளைக்குத்தான் பாடசாலையில் இலக்கணம் உதவும், செபமும் அப்படித்தான்.

லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இது எப்படி நடக்கும்? முன்னறையில் ஒரு பலகைத் தட்டு, அதில் மாதா சுருவம், பின்னால் திரு இருதயப் படம், ஒரு சின்னச் சிவப்பு பல்ப். பெரும்பாலான வீடுகளில் இவ்வளவும் ஏற்கெனவே இருக்கிறது. மாலையில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் முன்னால் ஐந்து நிமிடம் போதும். ஒரு விண்ணகத் தந்தை செபம், மூன்று அருள்நிறை மரியே, அன்றைக்குப் பிள்ளையின் மனதில் உள்ள ஒன்று. அந்தக் கடைசி ஒன்றை விட்டுவிடாதீர்கள். 'மழையில சறுக்கி விழுந்த பக்கத்துவீட்டு மாமாவுக்குக் கால் சுகமாகணும்' என்று பிள்ளை சொந்த வார்த்தையில் சொல்லும்போதுதான் செபம் அதனுடையதாகிறது. காலையில் பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) புறப்படும் அம்மா பிள்ளையின் நெற்றியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டுவிட்டுப் போகலாம். இதற்குப் படிப்பு வேண்டாம், நேரமும் வேண்டாம்.

ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையைத் தினமும் சொல்ல வேண்டும் என்று பிடித்து உட்கார வைத்து, தூங்கி விழும் பிள்ளையை அதட்டுவது நல்லதல்ல. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்கு ஒரு பத்துமணி தாராளம். ஒக்டோபர் மாதம் வீடு வீடாகச் செபமாலை வரும்போது முழுவதையும் எல்லாரோடும் சேர்ந்து சொல்லட்டும்.

அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில், பிள்ளை பாட்டியிடம் என்ற வீடுகள் இன்று நம்மிடையே ஏராளம். அங்கே பாட்டிதான் மறையாசிரியர். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிகள் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் வரிசை தப்பாமல் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அம்மாவிடமிருந்து இரவில் வீடியோ அழைப்பு வரும் வீடுகளில், அழைப்பை வைப்பதற்கு முன் தாயும் பிள்ளையுமாக ஒரு செபம் சொல்லலாம். இப்படிச் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. தூரத்தில் இருக்கும் தாய்க்கும் அது பெரிய ஆறுதல்.

கலப்புத் திருமணமான வீட்டில் கவனம் வேண்டும். திருமணத்தின்போது கத்தோலிக்கத் துணை, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுத்திருப்பார். அந்த வாக்கை நிறைவேற்ற மற்றத் துணையின் சாமியைப் பழிக்க வேண்டியதில்லை. அப்பாவின் குலதெய்வத்தை இளக்காரமாகப் பேசி அம்மா சொல்லிக் கொடுக்கும் செபம் பிள்ளையின் மனதில் பிளவைத்தான் உண்டாக்கும்.

ஞாயிறு கைக்காசுக்கு, அதாவது எடுத்த கொழுந்தின் நிறைக்குக் காசு கிடைக்கும் வேலைக்கு, மலைக்குப் போகும் நாட்கள் வரும். குடும்பத்தின் வருமானம் அது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட நாட்களில் லயத்தில் உள்ள வேறு ஒரு குடும்பத்தோடு பிள்ளையை அனுப்பிவையுங்கள். அடுத்த ஞாயிறு அவர்களின் பிள்ளைகளை நீங்கள் கூட்டிப் போங்கள்.

கடைசியாக, பாடசாலையில் கத்தோலிக்க ஆசிரியரே இல்லை என்ற நிலை. சின்னத் தோட்டப் பாடசாலைகளில் இது சகஜம். இரண்டு மூன்று கத்தோலிக்கப் பிள்ளைகள் சமயபாட வேளையில் சும்மா இருப்பார்கள், அல்லது வேறு சமய வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் அதிபரிடம் போய் கத்தோலிக்கப் பாடநூல் கிடைக்குமா என்று கேளுங்கள். அது மற்றப் பாடநூல்களைப் போல இலவசம். பிறகு பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்கள் கண்டி மறைமாவட்டத்தையும், பதுளையும் மொனராகலையும் 1972 இல் உருவான பதுளை மறைமாவட்டத்தையும் சேர்ந்தவை. ஆசிரியர் இல்லாத பாடசாலைகளின் பெயர் மறைமாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அங்கிருந்து கல்வி வலயத்தோடு பேச முடியும். தவணைப் பரீட்சையில் பிள்ளைக்குக் கத்தோலிக்க வினாத்தாள் கொடுக்கப்படுகிறதா என்று ஒவ்வொரு தவணையும் விசாரியுங்கள். இரண்டு பிள்ளைகள்தானே என்று விட்டுவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதிபரிடம் தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால் மறையாசிரியரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.